தாயகம் திரும்பியோர்க்கு ஒரு கல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஜீயபுரத்துக்காரன். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் எங்கள் ஊருக்கு வந்து பழைய சோறும் மாவடுவும் அமுது செய்வது உங்களுக்குத் தெரியும். காவிரி அடித்துக்கொண்டுபோன பேரனுக்காகக் காத்திருந்த ஒரு கிழவியின் கதை அது. ஒரு பாட்டி காத்திருந்ததை வருஷம் தவறாமல் நினைத்துப் பார்க்கிற ஊர்கள் நம்முடையவை. ஆனால் ஐந்து லட்சம் பேர் விஷயத்தில் எப்படி மறந்தோம்?

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904-ல் அமைத்த கமிஷனுக்குத் தலைமையிடமே நம் திருச்சிதான். கழுத்தில் தகரத் துண்டோடு நம் மாவட்டத்து ஜனங்கள் மண்டபம் வழியாகப் போனார்கள். 1948-ல் அங்கே குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 லட்சம் எனக்கு, மீதி அப்புறம் பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம். இங்கே கொட்டப்பட்டு முகாம். நம் சர்க்கார் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. அங்கேயே பிறந்தவன் எப்படி ஐயா திரும்புவான்?

அப்படி வந்தவன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். 1974-ல் சேர்ந்தோம். அவன் பேச்சைக் கேட்டுச் சிரிப்போம். 'சிலோன்காரா' என்று முதலில் கூப்பிட்டவன் நான்தான். ஒருநாள் சொன்னான்: "அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க சிலோன்காரன்ங்கிறீங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு பேரா வைங்கடா." எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

செச்சென் மக்களை 1944-ல் ஸ்டாலின் அரசு மொத்தமாக மத்திய ஆசியாவுக்கு ஏற்றி அனுப்பியது. அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சாலையோரத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் போட்டார்கள். 1990-களில் அந்தக் கற்களையே பொறுக்கிவந்து குரோஸ்னி நகரில் நட்டு நினைவிடம் ஆக்கினார்கள். 2014-ல் அதையும் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். கல் பேசும் என்று பயந்தார்களோ என்னவோ! இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2023-ல் மலையகத்தார் தங்கள் இருநூறாவது ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். இங்கே திருச்சியில் அவர்களுக்கென்று ஒரு கல்கூட என் கண்ணில் பட்டதில்லை.

நம் சங்கம் ஒன்று வைக்கலாம் என்று எனக்கு ஆசை. போன மாதம் அந்த நண்பனிடமே போனில் கேட்டேன். இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறான். "வைடா, வேண்டாங்கல. எந்த ஊர்க்காரன்னு அதுல போடுவே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் கல்லுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். வாசலில் மேஜைமேல் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் வீட்டிலேயே, அந்தக் கப்பலில் வந்தவர்கள் இருந்தால், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று கேட்டு எழுதுங்கள். ஊர் என்கிற இடத்தில் அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். முதல் பெயர் அவனுடையது. ஊருக்கு இரண்டு வரி விட்டிருக்கிறேன்.