மக்கு என்று சொல்லாதீர்கள்



தோட்டப்புறப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் அவ்வப்போது வந்து சேர்வதுண்டு. கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். கடைக்கு அனுப்பினால் மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். பழுதான சைக்கிளைப் பிரித்துப் பூட்டிவிடுவான். ஆனால், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாய் அடைத்துப் போகும். நேற்றுப் படித்த சொல் இன்று புதுச் சொல்லாகத் தெரியும். இவனுக்கு நாம் வைக்கும் பெயர் என்ன? வீட்டில் சோம்பேறி, வகுப்பில் மக்கு. இரண்டும் தவறு.

இந்த இடர்ப்பாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கவே இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கெட்டிக்காரன், கணக்கும் நன்றாக வரும். பாடங்களை எல்லாம் வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இது புத்திக் குறைவன்று; கண் நோயுமன்று. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்தோடு விரைவாக இணைக்கும் வேலை இவர்களுடைய மூளைக்குக் கடினமாக இருக்கிறது. பெரும்பாலும் குடும்பவழி வருவது. பிரம்படிக்குப் பயந்து படிப்பை விட்ட தந்தைக்கும் இதே தொல்லை இருந்திருக்கலாம்.

அடையாளங்கள் என்னென்ன? தமிழில் ‘கொ’ என்னும்போது காதில் முதலில் விழுவது ககர ஒலி. கண்ணில் முதலில் படுவதோ முன்னால் நிற்கும் கொம்பு. இங்கே பிள்ளை தடுமாறுவான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். மலாயிலும் ஆங்கிலத்திலும் சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் இடம் வலமாக மாறும். பலகையைப் பார்த்து எழுதினாலும் எழுத்துகள் விடுபடும். முதலாம் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளுமே சற்றுத் தடுமாறுவார்கள். மூன்றாம் ஆண்டிலும் அது தொடர்ந்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்லலாமா? அடித்தால் எழுத்து வராது, அச்சம்தான் வரும். அச்சம் வந்தவன் பள்ளிக்கு மட்டம் போடுவான். பிறகு பள்ளியையே விட்டுவிடுவான்.

வேறு என்ன செய்யலாம்? விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்று திரும்பும் உங்கள் களைப்பை நான் அறிவேன். நாள்தோறும் கால் மணி நேரம் போதும். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை எழுதச் செய்யுங்கள். கண், காது, வாய், கை நான்கும் சேர்ந்து படிக்கட்டும். ஓர் எழுத்து மனத்தில் நிலைத்த பிறகே அடுத்த எழுத்துக்குப் போங்கள். ‘பல்’ என்பதில் ‘ப’வை எடுத்துக் ‘க’வை வைத்தால் என்ன சொல் வரும் என்று விளையாட்டாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பாடப் புத்தகத்தை அக்காளோ அண்ணனோ உரக்க வாசித்துக் காட்டட்டும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிட வேண்டாம்.

வாசிக்கத் தடுமாறும் எல்லாருக்கும் டிஸ்லெக்சியா என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பார்வைக் குறையோ செவிக் குறையோ காரணமாக இருக்கலாம். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பிறகு அரசாங்க மருந்தகத்தில் கண்ணையும் காதையும் சோதித்து, மேற்கொண்டு பரிசோதிக்க மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். மருத்துவர் உறுதி செய்தால், மலேசியச் சமூக நலத்துறையில் கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் பிள்ளையைப் பதிந்துகொள்ளலாம். சிறப்புக் கல்வி வகுப்பு, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதிந்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். மக்கு என்ற முத்திரையை நாம் ஏற்கெனவே குத்திவிட்டோமே, அதைவிட இது பெரிதா?

டிஸ்லெக்சியா மருந்தால் தீர்வதன்று. ஆயினும், முறையாகச் சொல்லிக் கொடுத்தால் இவர்களும் வாசிப்பார்கள். சற்றுத் தாமதமாக வாசிப்பார்கள், அவ்வளவுதான். அதுவரை நம் பிள்ளை பள்ளியை விட்டு ஓடாமல் இருக்க வேண்டும். அது நம் நாவிலும் கையிலும் இருக்கிறது.