இளைஞர் உள்ளமும் நம் கடமையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"சுகமா?" என்று கேட்டால் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்கிறோம். 1948இல் தோன்றிய உலக சுகாதார நிறுவனமோ, நோயின்மை மட்டும் சுகமன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நலமாயிருத்தலே சுகம் என்று வரையறுத்தது. பிள்ளைகளின் உள்ளத்துச் சுகத்தை நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

என் கதையையே சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் முதன்முறை நான் கணிதத்தில் தவறினேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்குமுன்னரே செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஆறு பேர். அழுவதற்கு ஒரு மூலை இல்லை. (நான் படித்த மிஷன் பாடசாலையிலாவது தனியே அமர ஒரு ஜெபக்கூடம் இருந்தது!) "கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார் ஒருவர். மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அடுத்த காம்பிராத் தாத்தா இஸ்தோப்பில் என்னருகே வந்தமர்ந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுவிட்டு, நானாகப் பேசும்வரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அன்றிரவுதான் உறங்கினேன்.

தாத்தா செய்த இக்காரியத்தையே தொண்டாகச் செய்வோர் உளர். இலங்கையில் 1974இல் தோன்றிய சுமித்ரயோ, சென்னையில் 1986இல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய சிநேகா ஆகியவற்றின் தொண்டர்கள் வருந்துவோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பரீட்சையில் தவறிய மாணவன் ஓராண்டு காத்திராமல் விரைவிலேயே துணைத்தேர்வு எழுதலாம். அவ்வழி வேண்டுமென வாதாடியவர்களுள் அந்த அம்மையாரும் ஒருவர். நம் பிள்ளைகளோ அடுத்த பரீட்சைக்காக மாதக்கணக்காகக் காத்திருக்கின்றனர். அந்த இடைவெளியில்தான் பலர் வலப்பனையை விட்டுக் கொழும்பு பஸ் ஏறிவிடுகின்றனர்.

நம் நாட்டில் 1998 வரை தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் மாறிற்று, நம் நாக்கு மாறவில்லை. சோர்ந்திருப்பவனைச் சோம்பேறி என்கிறோம். தனியே பேசுபவளுக்குப் பேய் பிடித்தது என்கிறோம். பெரியோர்களே, பூசாரியிடம் போவதை நான் பழிக்கவில்லை. வைத்தியரிடமும் போங்கள் என்றே வேண்டுகிறேன். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம், காசு கேட்கமாட்டார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மண்டபத்தில் கரம் பலகை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பூட்டும் விழுந்துவிடுகிறது. பெறுபேறு வரும் வாரத்தில் அதனை இரவு ஒன்பது மணிவரை திறந்து வைப்போம். பெரியவர் இருவர் அங்கே அமர்ந்திருக்கட்டும். புள்ளி எத்தனை என்று மட்டும் கேட்க வேண்டாம். சாவி யாரிடம் இருப்பது என்பதை இன்றே தீர்மானித்துவிடலாம்.