அடுத்து யாரை எடுப்பாங்க?

நடுவர் அவர்களே! எங்களை வென்றுவிட்டதாக முகத்தில் மலர்ச்சியோடு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்தத் திருவரங்கத்தில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

தோற்ற அணியின் ரசிகர்கள், "அடுத்து யாரை எடுப்பாங்க?" என்று கணக்குப் போடுவது வீண் பேச்சா, வாழ்க்கைப் பாடமா? வாழ்க்கைப் பாடமே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏலம் எடுக்கிறவன் கோடீஸ்வரன். ஏலம் போறவன் லட்சாதிபதி. டீக்கடையில ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசுற உங்களுக்கு என்னய்யா, கமிஷனா தரப் போறாங்க?" (கைதட்டல்) அம்மா, கல்யாண வீட்டுல மாப்பிள்ளை எப்படின்னு மூணு தெரு கூடிப் பேசுதே, அவங்களுக்கு யார் கமிஷன் கொடுத்தா? (பலத்த சிரிப்பு) நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வரப்போறார்னா பேசத்தான் செய்வோம். அணியை வீடா நினைக்கிறவன் பேசுறான்!

அமெரிக்காவில் அவர்கள் ஆடும் கால்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. பந்தியில் கடைசியாக நின்றவனைக் கூப்பிட்டு முதல் இலையில் உட்கார வைப்பது மாதிரி! 1936-இல் இது தொடங்கியது. முதன்முதலில் எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் அந்தத் தொழில்முறைப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-இல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டாம் பிராடி. அவர் ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றார். முதல் இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமலே எழுந்து போனார். 199-ஆவது இலைக்காரர் ஏழு பாயசம் குடித்தார்! (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2023-இல்தான் ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்கும் முறை வந்தது. அந்த வருஷம் நம்ம திருச்சி அணி எந்த இடம் தெரியுமா? கடைசி இடம். மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை என்ன பேச்சு? "தொடக்க ஆட்டக்காரர் வேணும்." "இல்லீங்க, கடைசி ஓவர் போட ஆள் வேணும்." எதிரணித் தலைவரே, 2025-இல் அதே திருச்சி முதல் நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது! வெளியேற்றும் ஆட்டத்தில் திண்டுக்கல்லிடம் தோற்றது உண்மை. ஆனால் கடைசி இடத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்ததும் உண்மைதானே?

சென்னை சூப்பர் கிங்ஸை எடுத்துக்குங்க. 2020-இல் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போகாமல் ஏழாம் இடம். "கிழவர் அணி, கதை முடிஞ்சது"ன்னாங்க. 2021-இல் கோப்பை! அந்த வருஷம் 635 ரன் எடுத்து முதலிடத்தில் நின்ற ருதுராஜ் கெய்க்வாட், ஏலத்தில் வெறும் 20 லட்சத்துக்கு வந்தவர். 2023 போட்டிக்கு 16 கோடியே 25 லட்சத்துக்கு வந்த பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே ஆட்டம். விலைச்சீட்டில் இருப்பது விலை மட்டும்தாங்க!

2025-இல் சென்னை கடைசி இடத்துக்கே போனது. அந்தத் தோல்விக்கு நடுவில்தான், ஏலத்தில் யாரும் எடுக்காத ஆயுஷ் மாத்ரே, காயம்பட்ட கெய்க்வாட்டுக்குப் பதிலாக வந்தார். பதினேழு வயசுப் பையன். பெங்களூருக்கு எதிராக 94 ரன்! அந்த டிசம்பரில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது சென்னை. விழுந்தவர்கள் வயசுப் பிள்ளைகளை நம்பினார்கள்.

நண்பர் சொன்னார், "ஊகம் சூதாட்டத்தில் கொண்டுபோய் விடும்" என்று. ஐயா, பணம் கட்டி ஊகிப்பது சூது. அதைப் பொய்யாமொழியாரும் கண்டித்தார். 2025-இல் மத்திய அரசும் இணையப் பணவிளையாட்டைத் தடுக்கச் சட்டம் செய்தது. நாங்கள் கட்டுவது டீக்காசு மட்டும்தான்! (சிரிப்பு) ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்று இரண்டு அதிகாரம், இருபது குறள் வைத்தாரே வள்ளுவர், அது வீண் பேச்சா?

2023 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி சஷாங்க் சிங்கை 20 லட்சத்துக்கு எடுத்தது. எடுத்த பிறகு அவர்களுக்கே குழப்பம். ஆனால் சுத்தியல் விழுந்துவிட்டது. நாலே மாதம் கழித்து, குஜராத்துக்கு எதிராக 200 ரன்னைத் துரத்திய ஆட்டத்தில் 29 பந்தில் 61 ரன் எடுத்து ஜெயித்துக் கொடுத்தார் அந்தப் பிள்ளை!

தாய்மார்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. முப்பது வருஷமா வகுப்பறையில் நிற்கிறவன் நான். மார்க் குறைந்த பையனைப் பெற்றவர்கள் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "இவன் எதுக்கும் லாயக்கில்லை சார்" என்பார்கள், அவன் காதுபடவே. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஐயா, பத்து ஆட்டம் தோற்ற அணியைப் பார்த்து, "அடுத்து என்ன செய்யலாம், எங்கே ஓட்டை, யாரைத் துணைக்குச் சேர்க்கலாம்?" என்று ராத்திரி பத்து மணி வரை யோசிக்கிற நாம், ஒரு பரீட்சையில் தோற்ற நம்ம பிள்ளைக்காக அப்படிப் பத்து நிமிஷம் யோசித்தோமா? (நீண்ட கைதட்டல்) தோற்ற அணியின் ரசிகன் அணியை விட்டு ஓடவில்லை. திட்டுகிறான்; திட்டிவிட்டு அடுத்ததை யோசிக்கிறான். அந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் வீட்டில் மறந்துவிட்டோம்.

இந்த ஊர் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. "இதை யார் வந்து முடிப்பாங்க?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள், "முடியாது" என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று 236 அடி உயரம்! கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்த வேலை மறக்கப்படாமல் இருந்தது.

ஆகவே, நடுவர் அவர்களே, "அடுத்து யாரு?" என்று கேட்பவன் தோல்வியை முடிவென்று ஒப்புக்கொள்ளாதவன். அவன் பேச்சு வாழ்க்கைப் பாடமே என்று தீர்ப்பு வழங்குங்கள். எதிரணி நண்பர்கள் இன்றைக்குத் தோற்றால் கவலை வேண்டாம். அடுத்த மேடைக்கு அவர்கள் யாரை எடுக்கலாம் என்று நானே யோசனை சொல்கிறேன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)