வீட்டுக் கணினிக்கு ஒரு வலையமைப்பு அட்டை

திருகோணமலையிலே துறை என்றால் கப்பல் அணையும் இடம் என்றே எவரும் கொள்வர். கணினி நூல்களோ கம்பி வந்து சேரும் வாயிலுக்கும் துறை என்றே பெயரிட்டிருக்கின்றன. இன்று நாம் பேசப்போவது அந்தச் சிறு துறையைப் பற்றியே.

துறைமுகத்தை அண்டிய வீடொன்றிலே பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் படங்களையும் காணி உறுதிகளின் படிகளையும் காக்கும் சேர்வராகவும், இணையத்தை வீடெங்கும் பகிரும் ரவுட்டராகவும் அதனையே ஆக்கிவிடலாம். சிக்கனமான எண்ணந்தான். ஆயினும், அத்தகைய கணினியிலே பெரும்பாலும் ஒரே துறைதான் உண்டு. ரவுட்டருக்கோ வெளியுலகுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஒரே துறையை மென்பொருளால் இரண்டாகப் பகுப்போரும் உளர்; அமைப்பிலே ஓர் எண் பிசகினால் உள்ளும் புறமும் கலந்துவிடும். காணி உறுதி இருக்கும் பெட்டியிலே இந்தப் பரீட்சை எதற்கு? அட்டை ஒன்று வாங்குவதே தகும்.

கடைக்காரர் முதலிற் காட்டுவது வேகம். ஒரு கிகாபிட் அட்டை விநாடிக்கு 125 மெகாபைட் வரை கடத்தும். உங்கள் இணைய இணைப்பு 100 மெகாபிட் ஆயின், அதில் வருவது 12.5 மெகாபைட்டே. பத்துக் கிகாபிட் அட்டை அதனை ஒரு துளியும் கூட்டாது. செப்புக் கம்பிக்கான அவ்வகை அட்டை மிகவும் சூடேறும் என்பதும் கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே மூடிய அலுமாரிக்குள் அது படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே பெரிய படக்கோப்புகளைப் பரிமாறுவோருக்கு 2016இல் நியமமான 2.5 கிகாபிட் போதும். பழைய ஐந்து-ஈ வகைக் கம்பியே அதனைத் தாங்கும். ஆனால் சுவிட்சும் மறுமுனைக் கணினியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வேகத்தினும் முக்கியமானது, அட்டையின் சில்லுக்கு உங்கள் இயங்குதளத்திலே நல்ல இயக்கி உண்டா என்பது. இன்டெல் ஐ210, ஐ350 ஆகியன லினக்ஸிலும் ஃபிரீபிஎஸ்டியிலும் நெடுங்காலமாக நன்கு பழகியவை. ரியல்டெக் சில்லுகள் மலிவானவை. லினக்ஸிலே பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபிரீபிஎஸ்டி வழி ரவுட்டர் மென்பொருளிலோ தனி இயக்கியைத் தேட நேர்வதுண்டு. நிறுவனச் சேர்வர்களிலிருந்து கழற்றிய ஐ350 அட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். போலிகளும் அப்பெயரிலேயே உலவுகின்றன. புத்தம்புதிது, மிக மலிவு என்று இரண்டையும் ஒருங்கே சொன்னால் விலகிவிடுங்கள். கணினியின் பெட்டி ஒடுக்கமாயின், குறுகிய தகடும் உடன் வருகிறதா என்று கேளுங்கள்.

அட்டையைப் பூட்டியதும் எந்தத் துறை வெளியே, எந்தத் துறை உள்ளே என்று தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். புதிய அட்டை ஏறினால் துறைகளுக்கு இயங்குதளம் இட்ட பெயர்களும் மாறக்கூடும். இன்னொன்று: சேர்வர் பழுதுற்றால் வீட்டின் இணையமும் கூடவே போய்விடும். ஆகையால், இணைப்பு வழங்கியோர் தந்த ரவுட்டரை எவருக்கும் கொடுத்துவிடாமல், கடலுப்புக் காற்றுப் படாதவாறு உறையிலிட்டு வையுங்கள்.