புழைக்கடைப் பொய்கை: மீனுடனா, மீனின்றியா?

(நம் சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெருநகரங்களில் அடுக்கு வீடுகளில் வாழும் நம் உறவினர்க்குக் கிட்டாத செல்வம் ஒன்று பிலாய்க் குடியிருப்பில் வாழும் நமக்குக் கிட்டியிருக்கின்றது. அது வீட்டின் பின்புறத்து மண். அம்மண்ணில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தாயிற்று. இப்போது நம்முள் சிலர் அங்கே சிறு பொய்கை ஒன்று அமைக்க விரும்புகின்றனர். குளத்தையும் கேணியையும் ஊருணியையும் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வாசை எழுவது இயல்பே. நாம் வந்து குடியேறிய சத்தீஸ்கரும் ஊர்தோறும் குளம் வெட்டி வாழ்ந்த நாடுதான். ஆயினும் மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றிருக்கும்போது இந்நீரைக் காப்பவர் யார்?

இக்கேள்வியை வீணுக்குக் கேட்கவில்லை. 2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் இந்நகரை எவ்வளவு வருத்தியது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. கூலர், பூந்தொட்டித் தட்டு, சிமெண்டுத் தொட்டி போன்றவற்றில் தேங்கும் நீரே அதற்கு உகந்த இடம். காப்பாரற்ற பொய்கையும் அவற்றோடு சேர்ந்துவிடும். வெப்பக் காலத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆதலின் அழகை எண்ணுமுன் காவலை எண்ணுவோமாக.

முதலில் இடம். காலை வெயில் பட்டு, பிற்பகலில் நிழல் விழும் இடமே ஏற்றது. வேம்பு, மா முதலியவற்றின் அடியில் அமைத்தால் உதிரும் இலை நீரில் அழுகும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் செல்லும் வழியை அறிந்த பின்னரே தோண்ட வேண்டும். வீடு நிறுவனத்துடையது ஆதலின் குடியிருப்பு அலுவலகத்தின் இசைவும் தேவை. கரையைத் தரைமட்டத்திற்கு மேல் ஒரு சாண் உயர்த்தினால் மழைக்காலத்துச் சேற்றுநீர் உள்ளே புகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பொய்கையின்மேல் உறுதியான கம்பி வலை இன்றியமையாதது. தவழும் குழந்தைக்கு ஒரு சாண் நீரும் ஆபத்தே.

அடுத்து அளவு. 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் எனக் கொண்டால் 1800 லிட்டர் நீர் பிடிக்கும். மே மாத வெயிலில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை நீர் ஆவியாகக் கூடும். அஃதாவது நாள்தோறும் 30 லிட்டர். நாம் ஊரில் தங்கும் 30 நாளில் 900 லிட்டர், பாதிப் பொய்கை, போய்விடும்! எஞ்சிய நீர் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். மீன்கள் அதைத் தாங்கா.

எனவே, வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பர், அல்லது அண்டை வீட்டார் நாள்தோறும் நீர் ஊற்ற மனமுவந்து இசைந்துள்ளனர் என்றால் மட்டுமே மீன் வளர்க்கலாம். புதுச் சிமெண்டில் காரம் கசியும் ஆதலின், நீரைப் பலமுறை நிரப்பி இறைத்த பின்னரே மீனை விட வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை ஓரிரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுவது நலம். தொடக்கத்தில் பத்துச் சிறு மீன்கள் போதும். கப்பி மீன் தானே பல்கிப் பெருகும். இரையை மிகுதியாக இட்டால் எஞ்சியது அழுகி நீரை நஞ்சாக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால், உயிர்வளி குறைந்தது என அறிக. கொசுப்புழுவை உண்பதற்கென 1928ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், தவளைக் குஞ்சுகளையும் நாட்டு மீன்களையும் தாக்கும் இயல்புடையது, அதைத் தவிர்ப்போம். வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீன்களைச் சிவநாத் ஆற்றிலோ ஊர்க்குளத்திலோ விடுவதும் தகாது.

நம்மில் பெரும்பாலோர்க்கு மீனற்ற பொய்கையே பொருந்தும் என்பது எம் கருத்து. பெரிய தொட்டி ஒன்றில் முழங்கால் அளவுக்குக் குறைந்த நீர், அடியில் களிமண் நிரப்பிய சட்டி, அதில் ஓர் அல்லிக் கிழங்கு, இவ்வளவே வேண்டுவன. மீன் இல்லாத நீரைத் தட்டானும் தவளையும் தாமே நாடி வரும். தட்டானின் இளம்புழு நீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்னும். ஆனால் அவை வந்து பெருகும்வரை காவல் நம்முடையது. வாரந்தோறும் நீரை உற்றுநோக்கிப் புழுக்களை வலையால் அரித்தெடுக்க வேண்டும். பி.டி.ஐ. எனப்படும் நுண்ணுயிர் மருந்தை அளவறிந்து இடுவதும் பயன் தரும். ஆகாயத் தாமரையை மட்டும் அழைத்து வராதீர்கள். அது சில நாளில் நீர்ப்பரப்பையே மூடிவிடும்.

ஊருக்குப் புறப்படும் நாள் வந்தால் அல்லிச் சட்டியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துத் தொட்டியை முற்றும் இறைத்துவிடுங்கள். இறைத்தால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் பல மாதம் உலர்ந்து கிடந்தும் நீர் பட்டதும் பொரிக்கும் வல்லமை உடையவை. ஆதலின் உட்சுவரை நார்த் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மழைநீர் தேங்காவண்ணம் தொட்டியைக் கவிழ்த்தோ மூடியோ வைப்பது கடமை.

அன்பர்களே! வேலி நம் வீட்டிற்கு உண்டு. கொசுவிற்கு வேலி இல்லை. நம் பொய்கையில் பிறப்பது அடுத்த தெருக் குழந்தையையும் கடிக்கும். எனவே உயிருள்ள, காவலுள்ள நீர் வைப்போம். இயலாதெனில் கழுவி உலர்த்திய தொட்டியோடு நிற்போம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை நம் குடியிருப்பில் எவ்வீட்டிலும் வேண்டா.