போனில் இருப்பது கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவிக்கோ மருத்துவ உதவிக்கோ மனுக் கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது காகிதங்களைத்தான். முன்பெல்லாம் மஞ்சள் பையைத் திறப்பார்கள். இப்போது போனைத் திறக்கிறார்கள். "வாட்ஸ்அப்ல இருக்கு பாய்" என்கிறார்கள். தேடினால் படம் மங்கலாகத் தெரியும், தொட்டால் திறக்காது.

சென்ற ரமளானுக்கு முன் ஒரு சகோதரி வந்தார். கணவர் சபரில் இருக்கும்போதே மவுத்தாகிவிட்டார். சம்பள பாக்கி கேட்டு எழுத வேலை ஒப்பந்தமும் இகாமா நகலும் தேவைப்பட்டன. இரண்டும் அவருடைய போனில்தான் இருந்தன. போன் ஊர் வந்து சேர்ந்தது. பூட்டைத் திறக்கும் எண் வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைசியில், அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவரின் மின்னஞ்சலில் கிடந்த ஒப்பந்த நகலை வைத்துத்தான் மனு போனது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கடல் உள்ளே வந்தபோது ரேஷன் கார்டும் பத்திரமும் தண்ணீரோடு போன வீடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அன்று காகிதம் ஒரே இடத்தில் இருந்தது. இன்று போன் என்னும் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணப் பதிவு என்றால் பிரான்சின் நாந்த் நகரத்து மத்திய அலுவலகம் வரை எழுத வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய காகிதத்தை ஒரு போனை நம்பி விடலாமா?

சரி, செய்ய வேண்டியது என்ன? நகல் எடுப்பது வேறு, 'சிங்க்' செய்வது வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நகல் எடுத்தால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக இருக்கும். சிங்க் என்பது இரண்டு இடத்தையும் ஒன்றுபோல வைத்திருப்பது. போனில் சேர்த்தது கம்ப்யூட்டரில் சேரும். போனில் அழித்தது அங்கும் அழியும். "போன் நிறைந்துவிட்டது" என்று கூகுள் போட்டோஸில் படங்களை அழிக்கிற பிள்ளைகள், இணையத்தில் இருக்கிற பிரதியையும் சேர்த்தே அழிக்கிறார்கள். அங்கே சேமித்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், கூகுள் டிரைவில் என்றால் 30 நாள். அதற்குப் பிறகு கிடைக்காது. போனில் இடம் வேண்டுமானால் அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது இணையத்தில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. 2021 ஜூன் முதல் புதிதாக ஏறும் படங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. கல்யாண வீடியோவால் நிரம்பிய கணக்கில் பாஸ்போர்ட் நகல் ஏறாமல் நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் ஆவணங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. டிரைவ் செயலியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும்போது 'ஸ்ட்ரீம்', 'மிரர்' என்று இரண்டு வழி காட்டும். மிரரைத் தேர்ந்தெடுத்தால்தான் எல்லாக் கோப்பும் கம்ப்யூட்டரிலேயே முழுதாக இருக்கும். இணையம் இல்லாதபோதும் திறக்கும். வருடம் இரண்டு தடவை அதையே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து உம்மாவின் அலமாரியில் வையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். 'பாஸ்போர்ட், வாப்பா, 2031' என்று காலாவதி ஆண்டோடு வைத்தால் ஹஜ் விண்ணப்ப நேரத்தில் அலைய வேண்டியதில்லை. சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாதீர்கள், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

டிஜிலாக்கர் பற்றி ஒரு வார்த்தை. அரசுத் துறையே நேரடியாக அதில் தரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017ல் விதி திருத்தப்பட்டது. நாமே படம் பிடித்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி அசலைத் தொலைத்துவிடக் கூடாது.

பிரவுசிங் சென்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஆதாரைப் பிரிண்ட் எடுக்கிறோம். வெளியே வருமுன் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டித்துவிட வேண்டும். அங்கே இறக்கிய கோப்பையும் அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். பெண்மக்களின் படங்கள் இருக்கிற போன் என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை.

இன்ஷா அல்லாஹ், இந்த மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நமது அலுவலகத்தில் கல்லூரி மாணவர்கள் இருந்து உதவுவார்கள். பெண்களுக்கு உதவ மாணவிகள் தனியறையில் இருப்பார்கள். போனையும் பென் டிரைவையும் கொண்டு வாருங்கள், கேபிளையும் மறக்க வேண்டாம். போனைக் கம்ப்யூட்டரில் செருகியதும் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். திரையில் வரும் அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் கோப்புகள் தெரியும். மாற்றியும் தெரியவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டுமே இருக்கும், கோப்பு போகாது. போனோடு பெட்டியில் வந்த கேபிளே போதும்.