சிகிச்சை முடிஞ்சாலும் பரிசோதனை முடியலை



நம்ம உடம்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நம் வீட்டு ஆண்களைப் பற்றிப் பேசுவோம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்ற சுரப்பி உண்டு. அதில் புற்றுநோய் வந்தால், சிலருக்குக் கட்டி உள்ள பகுதியை மட்டும் வெப்பத்தாலோ குளிராலோ அழிப்பார்கள். இதுதான் ஃபோக்கல் சிகிச்சை.

மீதிச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அதனால் நோய் திரும்ப வரலாம். ஆரம்பத்தில் வலி தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொல்வார். அதைக் கேட்டு நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, டாக்டர் சொல்லும் தேதியில் எடுக்க வேண்டும். சுரப்பி மிச்சம் இருப்பதால் அளவு பூஜ்யத்துக்கு வராது, பயப்படாதீங்க. இறங்கிய அளவு திரும்பத் திரும்ப ஏறுதா என்றுதான் பார்க்கணும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். ஆகவே ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. பெரும்பாலும் 1 வருடத்துக்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் செய்யச் சொல்வார்கள்.

குழுக் கணக்கு எழுதுற மாதிரி, ஒரு நோட்டில் தேதியையும் அளவையும் எழுதி வைப்போம். ஒவ்வொரு முறையும் அதை டாக்டரிடம் காட்டுவோம். பஸ் செலவு, ஒருநாள் கூலி என்று தள்ளிப் போட வேண்டாம். குழுவில் உள்கடன் கேட்போம். சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று இன்னும் வழி இருக்கிறது.